டெஸ்ட் என்று பெயர் வைத்த ஃபோல்டர்: ஒரு மைன்கிராஃப்ட் சர்வரின் உலகம் அழிந்ததும் மீண்டதும்

பின்னணி

மைன்கிராஃப்ட் என்பது கட்டைகளை வெட்டியும் அடுக்கியும் உலகம் கட்டும் கணினி விளையாட்டு. இது நண்பர்கள் வட்டம் ஒன்று நடத்திவரும் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புச் சர்வர் பற்றியது. உள்ளே வர அனுமதி பெற்றவர்களின் பட்டியலான ஒயிட்லிஸ்டில் முப்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், வேலைக்குப் போய்விட்ட சில சீனியர்கள். ஒருவர் மாதக் கட்டணம் கட்டி ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இடம் வாங்கியிருந்தார். அவரை உரிமையாளர் என்கிறேன். அன்றாடம் ப்ளக்இன் (சர்வருக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) அமைப்புகளைத் திருத்துவது, சர்வரை ரீஸ்டார்ட் செய்வது, புதியவர்களைச் சேர்ப்பது எல்லாம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவரின் பொறுப்பு. அவர் நிர்வாகி.

சர்வர் ஓடியது 'பேப்பர்' என்ற சர்வர் மென்பொருளில். அதைக் கையாள அந்த நிறுவனம் தந்தது டெரோடாக்டைல் பேனல். திறந்த மூல மென்பொருள், உலகமெங்கும் கேம் ஹோஸ்டிங்கில் பரவலாகப் புழங்குவது. பிரவுசரிலேயே கன்சோல், ஃபைல் மேனேஜர், பேக்கப், நேர அட்டவணை எல்லாம் கிடைக்கும். சர்வர் ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது தனியாக அடைத்த ஒரு சூழலுக்குள், ஓடும். விங்ஸ் என்ற பின்னணிச் சேவை அதற்குக் காவல்.

நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை தேவை. 2021 நவம்பர் 30 அன்று மைன்கிராஃப்ட் 1.18 வெளிவந்தது. உலகத்தின் அடித்தளம் மைனஸ் 64 வரை இறங்கி, உச்சி 320 வரை உயர்ந்தது. மலைகளும் குகைகளும் உருவாகும் முறையே மாறியது. இந்த வட்டமும் அதை முயன்று பார்க்க, சர்வர்.ப்ராப்பர்டீஸ் என்ற அமைப்பு ஃபைலில், எந்த உலக ஃபோல்டரைத் திறக்கவேண்டும் என்று சொல்லும் லெவல்-நேம் என்ற வரியை 'டெஸ்ட்118' என்று மாற்றி, ஒரு சோதனை உலகத்தைத் திறந்தது. எல்லோருக்கும் அது பிடித்துப்போய் அங்கேயே வீடு கட்டிக் குடியேறினார்கள். பழைய உலகத்துக்கு யாரும் திரும்பவில்லை. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ஆக, 2024 தொடக்கத்தில் ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இப்படி இருக்கும்: 'வேர்ல்ட்' என்று ஒரு ஃபோல்டர், அதன் துணை உலகங்களான நெதர், எண்ட் இரண்டுக்கும் ஜோடி ஃபோல்டர்கள். கூடவே 'டெஸ்ட்118', 'டெஸ்ட்118_நெதர்', 'டெஸ்ட்118_தி_எண்ட்' என்று மூன்று. இரண்டு வருடத்துக்கும் மேலான உழைப்பு முழுவதும் டெஸ்ட் என்ற பெயருக்குள் இருந்தது. வேர்ல்ட் என்ற பெயருக்குள் யாரும் போகாத பழைய உலகம். இதை அறிந்தவர் உரிமையாளர் ஒருவரே. நிர்வாகி பொறுப்புக்கு வந்தது அதற்கு வெகுநாள் கழித்து.

சனிக்கிழமை மாலை: இடம் தீர்ந்தது

அந்தச் சனிக்கிழமை மாலை ஆறரை மணி வாக்கில் சர்வர் தானாக நின்றது. ஒதுக்கப்பட்ட டிஸ்க் இடத்தைத் தாண்டிவிட்டது, ப்ராசஸை நிறுத்துகிறோம் என்று கன்சோலில் ஒரு வரி. விங்ஸ் இப்படித்தான் செய்யும். இடத்தைக் குறைக்கும்வரை மறுபடி ஸ்டார்ட் ஆகவும் விடாது.

ஒதுக்கீடு 25 ஜிபி. எது அவ்வளவு இடத்தைத் தின்றது என்று நிர்வாகி பார்க்கவேண்டியிருந்தது. அவர் ஊருக்குப் போகும் பேருந்தில் இருந்தார், கையில் ஃபோன் மட்டும். உள்ளே பதினைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டு, டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் பிழைக்கான வழி இங்கேதான் திறந்தது. அந்தப் பேனலின் ஃபைல் மேனேஜரில் தனி ஃபைலுக்கு அளவு தெரியும், ஃபோல்டருக்குத் தெரியாது. 9 ஜிபி ஃபோல்டரும் காலி ஃபோல்டரும் பட்டியலில் ஒரே மாதிரிதான் நிற்கும். கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைக் காட்டும் பத்தி ஒன்று வலப்பக்கம் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் பார்த்திருந்தால் டெஸ்ட்118-க்கு எதிரே சில நிமிடங்களுக்கு முன் என்றும், வேர்ல்டுக்கு எதிரே இரண்டு வருடங்களுக்கு முன் என்றும் இருந்திருக்கும். எது உயிரோடு இருக்கிறது என்று அந்த ஒரு பத்தியே சொல்லியிருக்கும். ஆனால் ஃபோனின் குறுகிய திரையில் அளவுப் பத்தியும் நேரப் பத்தியும் மறைந்துவிடும். பெயரும் அதன் முன்னால் ஒரு டிக் பெட்டியும்தான் மிஞ்சும்.

அவர் முன்னால் இருந்தது வெறும் பெயர்கள். வேர்ல்டைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். டெஸ்ட் என்பது யாரோ எப்போதோ சோதித்துவிட்டு விட்டுப்போனது. மூன்றையும் டிக் செய்து டெலீட் கொடுத்தார். இது நிரந்தரமானது, திரும்பப் பெறமுடியாது என்ற எச்சரிக்கை வந்தது. அந்தப் பேனலில் குப்பைத்தொட்டி கிடையாது. சம்மதம் கொடுத்தார், சில நொடியில் முடிந்தது. சர்வரை ஸ்டார்ட் செய்தார், அதுவும் எந்தத் தடங்கலும் இல்லாமல் எழுந்தது.

தடங்கல் இல்லாமல் எழுந்ததுதான் ஆபத்து. லெவல்-நேமில் இருக்கும் ஃபோல்டர் இல்லையென்றால் மைன்கிராஃப்ட் சர்வர் அதை ஒரு பிழையாக எடுத்துக்கொள்ளாது. புது சர்வர் என்று நினைத்து அதே பெயரில் புது உலகத்தை உருவாக்கிவிடும். கன்சோலில் சிவப்பு எழுத்து ஒன்றுகூட வராது.

சனிக்கிழமை இரவு: ஒரு புது உலகம்

முதலில் உள்ளே போனவர் டிஸ்கார்டில் எழுதியது: "ஸ்பான் மாறிடுச்சா? காட்டுக்குள்ள நிக்கிறேன், கையில ஒண்ணும் இல்ல." ஸ்பான் என்பது ஆட்டக்காரர் முதலில் தோன்றும் இடம். ஆட்டக்காரர்களின் பொருட்கள், நிற்கும் இடம், அனுபவப் புள்ளிகள் எல்லாம் ப்ளேயர்டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டர் உலகத்தின் ஃபோல்டருக்குள்ளேயே இருப்பது. உலகம் போனால் அதுவும் போகும்.

உரிமையாளருக்கு விஷயம் எட்டியபோது, ஏதோ ப்ளக்இன் கோளாறால், உலகத்தின் நிலப்பரப்பைத் தீர்மானிக்கும் விதை எண் மாறிவிட்டது என்று அவர் நினைத்தார். பழைய விதை எண் அவரிடம் குறித்து வைத்திருந்தது. சர்வர்.ப்ராப்பர்டீஸில் லெவல்-சீட் வரியில் அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தார். எதுவும் மாறவில்லை. அந்த வரி, உலகம் முதன்முதலாக உருவாகும்போது மட்டும்தான் படிக்கப்படும். அதற்குப் பிறகு விதை லெவல்.டாட் ஃபைலில் உட்கார்ந்துவிடும். விதை சரியாகப் பொருந்தியிருந்தாலும் மலையும் ஆறும்தான் பழையபடி வந்திருக்கும், வீடுகள் வராது.

இரவு வெகுநேரமாகிவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சர்வரை அப்படியே ஓடவிட்டுப் படுத்துவிட்டார்கள். நான்கைந்து பேர் அந்தப் புது உலகத்தில் மரம் வெட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை: கண்டவை

உரிமையாளர் என்னைக் கூப்பிட்டது ஞாயிறு காலை. இதே மாதிரி பேனல்களில் சில சர்வர்களைப் பார்த்துக்கொள்வதால் தற்காலிக அனுமதி கொடுத்து உள்ளே விட்டார். முதலில் எதையும் தொடாமல் நான்கு இடங்களைப் பார்த்தோம்.

ஒன்று லாக் ஃபைல்கள். மாலையில் சர்வர் நின்றதும், அடுத்த ஸ்டார்ட்டில் ஸ்பான் பகுதி புதிதாகத் தயாரானதும் அதில் இருந்தன. இரண்டு, டெஸ்ட்118-க்குள் ரீஜன் ஃபோல்டர். மைன்கிராஃப்ட் உலகம் ரீஜன் ஃபைல்களாகச் சேமிக்கப்படும். ஒவ்வொன்றும் 32-க்கு 32 சங்க் (சங்க் என்பது 16-க்கு 16 கட்டைகள் கொண்ட துண்டு), அதாவது பக்கத்துக்கு 512 கட்டைகள் கொண்ட ஒரு சதுரம். ஃபைலின் பெயரிலேயே அந்தச் சதுரத்தின் ஆயங்கள் இருக்கும். இரண்டு வருட உலகத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கவேண்டிய இடத்தில், நடுப்புள்ளியைச் சுற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய ஃபைல்கள்தான் இருந்தன. எல்லாவற்றுக்கும் முந்தைய இரவின் தேதி. மூன்று, ஆக்டிவிட்டி பக்கம். யார், எப்போது, எந்த ஃபோல்டர்களை நீக்கினார்கள் என்று அதில் வரிக்கு வரி பதிவாகியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ப்ளக்இன் மீதான சந்தேகம் தீர்ந்தது. நிர்வாகி அதுவரை தான் நீக்கியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்றே நினைத்திருக்கவில்லை. வேர்ல்ட் பத்திரமாக இருக்கிறதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காவது பேக்கப் பக்கம். அங்கேதான் எங்களுக்கு வியர்த்தது.

அவர்களுடைய திட்டத்தில் பேக்கப்புக்கு இரண்டு ஸ்லாட், அதாவது இரண்டு நகல்களுக்குத்தான் இடம். தினமும் அதிகாலை 4 மணிக்கு அட்டவணைப்படி ஒரு பேக்கப். ஸ்லாட் நிரம்பியிருந்தால், அட்டவணையில் ஓடும் பேக்கப் பூட்டப்படாதவற்றில் மிகப் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். பட்டியலில் இருந்தவை இரண்டு: சனிக்கிழமை அதிகாலை எடுத்தது 20 ஜிபிக்குச் சற்று மேல், ஞாயிறு அதிகாலை எடுத்தது அதில் பாதியை ஒட்டி. இரண்டுக்கும் பச்சை நிறம், இரண்டும் வெற்றிகரமாக முடிந்தவை. அளவைப் பார்க்காவிட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஞாயிறு பேக்கப்பில் இருந்தது அந்தக் காலி உலகம். அது உள்ளே வருவதற்காக வெள்ளிக்கிழமை பேக்கப் ஏற்கெனவே வெளியே போயிருந்தது. அடுத்த நாள் அதிகாலை 4 மணிக்குச் சனிக்கிழமைப் பேக்கப்பும் போயிருக்கும். அதற்குப் பிறகு மீட்க ஒன்றும் இருந்திருக்காது.

முதல் முடிவுகள்

சர்வரை நிறுத்தினோம். ஓடும் சர்வர் தன் நிலையை மெமரியில் வைத்துக்கொண்டு அவ்வப்போது டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கும். ஃபைல் மேனேஜரில் நாம் பார்ப்பது கடைசியாக எழுதப்பட்டதைத்தான். ஓடும்போதே ஒரு ஃபைலை மாற்றினால், அடுத்த முறை சர்வர் எழுதும்போது நம் மாற்றம் காணாமல் போகலாம். உலகத்தின் ஃபைல்களை அப்படி மாற்றினால் சங்க்குகள் சிதையும். ஆகவே நிறுத்துவதுதான் எல்லாவற்றுக்கும் முதல்.

அடுத்து, அட்டவணையை முடக்கினோம். சனிக்கிழமைப் பேக்கப்பைப் பூட்டினோம். இந்தப் பேனலில் ஒவ்வொரு பேக்கப்புக்கும் பூட்டும் வசதி உண்டு, பூட்டியதை யாரும் தவறுதலாக அழிக்கமுடியாது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் போட்டு, அவர்கள் பக்கம் வேறு நகல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்றார்கள்.

நிர்வாகி அப்போது கேட்டது நியாயமான கேள்வி. "அண்ணா, ரீஸ்டோர் பட்டன் அங்கேயே இருக்கே. அழுத்தினா போதாதா? எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க." உரிமையாளருக்கும் அதே எண்ணம். நான் மறுத்தேன். நல்ல நகல் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பிரச்சினை நடந்த அதே நிறுவனத்தின் டிஸ்கில். ரீஸ்டோர் பாதியில் நின்றாலோ, அந்த ஆர்க்கைவ் கெட்டிருந்தாலோ அடுத்த வழி கிடையாது. முதலில் அதை டவுன்லோட் செய்து உரிமையாளரின் கம்ப்யூட்டரில் வைத்து, திறந்து, உள்ளே டெஸ்ட்118-ம் அதன் லெவல்.டாட்டும் ரீஜன் ஃபைல்களும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் அடுத்த அடி என்று முடிவானது. அந்த டவுன்லோட் முடிய மதியம் ஆகிவிட்டது. ஆட்டக்காரர்களுக்கு டிஸ்கார்டில் உள்ளதை உள்ளபடி எழுதினோம்: உலகம் நீக்கப்பட்டுவிட்டது, சனிக்கிழமை அதிகாலை வரையிலான நகல் இருக்கிறது, இன்று இரவுக்குள் திறக்க முயல்கிறோம். அதற்குப் பிறகு கேள்விகள் குறைந்தன.

எப்படி மீட்பது

மூன்று வழிகள் இருந்தன, மூன்றிலும் ஒரு குறை.

ரீஸ்டோர் செய்யும்போது, முதலில் எல்லா ஃபைல்களையும் அழித்துவிட்டுப் பேக்கப்பைப் போடு என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைப் போட்டால் சர்வர் முழுவதும் சனிக்கிழமை அதிகாலை நிலைக்கு ஒரே சீராகத் திரும்பும். ஆனால் சனிக்கிழமை பகலில் ப்ளக்இன்கள் பதிவு செய்த எல்லாமே போய்விடும். முக்கியமாக, யார் எந்தக் கட்டையை எங்கே வைத்தார்கள், எதை உடைத்தார்கள் என்று பதிவு செய்யும் கோர்ப்ரொடெக்ட் ப்ளக்இனின் தரவுத்தளம். அந்த ஒரு நாளின் இழப்பைக் கணக்கிட இருந்த ஒரே சாட்சி அதுதான். அது ப்ளக்இன்ஸ் ஃபோல்டரில் இருந்ததால் நீக்கத்திலிருந்து தப்பியிருந்தது.

இரண்டாவது, டவுன்லோட் செய்ததிலிருந்து உலகத்தின் மூன்று ஃபோல்டர்களை மட்டும் பிரித்து மேலே ஏற்றுவது. எனக்கு இதுதான் மிகச் சுத்தமான வழியாகப் பட்டது. பிரவுசர் வழியாகப் பெரிய ஃபைல்கள் ஏறாது, விங்ஸின் இயல்பான வரம்பு 100 எம்பி. எஸ்எஃப்டிபி என்ற தனி ஃபைல் பரிமாற்ற இணைப்பு வழியாகத்தான் ஏற்றவேண்டும், அதன் போர்ட் 2022. உரிமையாளரின் வீட்டு இணைப்பில் இறங்கும் வேகத்துக்கும் ஏறும் வேகத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 11 ஜிபியை ஏற்ற அடுத்த நாள் ஆகியிருக்கும், நடுவில் இணைப்பு அறுந்தால் இன்னும் இழுக்கும்.

மூன்றாவது, எதையும் அழிக்காமல் ரீஸ்டோர் செய்வது. அப்படிச் செய்தால் பேக்கப்பில் உள்ள ஃபைல்கள் இப்போதுள்ளவற்றின் மேல் எழுதப்படும். எனவே காப்பாற்றவேண்டியதை முதலில் பெயர் மாற்றி ஒதுக்கிவைக்கவேண்டும். பெயர் மாற்றுவதற்கு இடமும் தேவையில்லை, நேரமும் தேவையில்லை. இதைத் தேர்ந்தெடுத்தோம். உலகத்தின் மூன்று ஃபோல்டர்களின் பெயரோடு 'காலி' என்று சேர்த்தோம். இதைச் செய்யாமல் விட்டால் புது உலகத்தின் ஃபைல்கள் சிலது பழைய உலகத்துக்குள் கலந்து நின்றிருக்கும். உதாரணமாக, பழைய உலகத்தில் யாரும் போயிராத ஒரு திசையில் ராத்திரி யாராவது நடந்திருந்தால், அந்த ரீஜன் ஃபைல் பேக்கப்பில் இல்லை, ஆகவே மேலெழுதப்படாது. வேறொரு விதையின் நிலம் ஓர் ஓரத்தில் செங்குத்துச் சுவராக ஒட்டிக்கொண்டிருக்கும். ப்ளக்இன்ஸ் ஃபோல்டரையும் 'ப்ளக்இன்ஸ்_ஞாயிறு' என்று ஒதுக்கினோம்.

மிச்சமிருந்தது இடம். பேக்கப் என்பது டிஸ்க் நிரம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு எடுத்த நகல். அதைத் திரும்ப வைத்தால் டிஸ்க் மறுபடி விளிம்புக்கு வரும், ஒதுக்கிவைத்த ப்ளக்இன்ஸும் சேர்ந்தால் தாண்டிவிடும், ரீஸ்டோர் பாதியில் நிற்கும். முன்கூட்டியே எதையாவது நீக்கி இடம் பண்ணலாம் என்றால், நீக்கியதைப் பேக்கப் திரும்பக் கொண்டுவந்துவிடும். நிறுவனத்திடம் கேட்டு சில நாட்களுக்கு 10 ஜிபி கூட்டி வாங்கினோம். கேட்ட அரை மணியில் கொடுத்தார்கள்.

ரீஸ்டோர் ஓடும்போது சர்வரை ஸ்டார்ட் செய்யவும் முடியாது, ஃபைல் மேனேஜருக்குள் போகவும் முடியாது. காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மீண்ட பிறகு

முடிந்ததும் சர்வரை உடனே திறக்கவில்லை. பேக்கப்பிலிருந்து வந்த ப்ளக்இன்ஸை 'ப்ளக்இன்ஸ்_சனி' என்று ஒதுக்கிவிட்டு ஞாயிறுடையதைப் பழைய பெயருக்கு மாற்றினோம். சர்வர்.ப்ராப்பர்டீஸைத் திறந்து லெவல்-நேம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம். ப்ளேயர்டேட்டாவில் எல்லோருடைய ஃபைலும் வந்திருந்தன. அப்புறம் ஒயிட்லிஸ்டில் உரிமையாளர் பெயரை மட்டும் விட்டு ஸ்டார்ட் செய்தோம். அவர் பறந்து போய் ஊர்ச் சதுக்கம், ரயில் நிலையம், இரண்டு மூன்று வீடுகள், நெதர் சுரங்கப்பாதை எல்லாவற்றையும் பார்த்தார்.

ஓரிடத்தில் மட்டும் குறை தெரிந்தது. மைனஸ் 2, 1 ரீஜனில் ஒரு சங்க்கைப் படிக்க முடியவில்லை என்று லாக்கில் வந்து, அந்த 16-க்கு 16 சதுரம் புதிதாக உருவாகியிருந்தது. ஒருவருடைய மாட்டுக் கொட்டகையின் நடுவில் பச்சைப் புல்தரையும் ஒரு ஓக் மரமும் நின்றன. அதிகாலைப் பேக்கப், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கப்பட்டது. அந்த ஃபைலை எழுதிக்கொண்டிருந்த நொடியில் நகல் எடுக்கப்பட்டிருக்கலாம். இவ்வளவோடு தப்பியது நல்ல காலம்தான்.

டிஸ்க் நிரம்பியதற்கான காரணத்தையும் அப்போதுதான் கண்டுபிடித்தோம். வின்எஸ்சிபி என்ற ஃபைல் பரிமாற்ற மென்பொருள் மூலம் ஒவ்வொரு ஃபோல்டரின் அளவையும் கணக்கிட்டுப் பார்த்தால், உலகத்தை இணையத்தில் முப்பரிமாண வரைபடமாகக் காட்டும் ப்ளூமேப் ப்ளக்இனின் வரைபடக் கோப்புகள் மட்டும் 9 ஜிபி. அவற்றை எப்போது நீக்கினாலும் ப்ளக்இன் மறுபடி வரைந்துகொள்ளும். சனிக்கிழமை மாலை நீக்கியிருக்கவேண்டியது அதைத்தான். ஃபைல் மேனேஜரில் அளவு தெரியாததால் யார் கண்ணிலும் அது படவில்லை. நீக்கினோம். அன்று இரவே ஒயிட்லிஸ்டை முழுதாகத் திறந்தோம்.

இழந்த பகல்

சனிக்கிழமை அதிகாலை 4 மணியிலிருந்து மாலை ஆறரை வரை நடந்த ஆட்டம் போனது போனதுதான். விடுமுறை நாள் ஆனதால் அன்று நிறையப் பேர் கட்டியிருந்தார்கள்.

கோர்ப்ரொடெக்டில், பதிவான செயல்களை மறுபடி நிகழ்த்தும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தலாம் என்று உரிமையாளர் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்தத் தரவுத்தளம் உலகத்தைப் பெயரால் அடையாளம் காண்கிறது. சனிக்கிழமை இரவு காலி உலகத்தில் நான்கைந்து பேர் வெட்டிய மரங்களும் அதே டெஸ்ட்118 என்ற பெயரில், அதே ஆயங்களில் பதிவாகியிருந்தன. நேர எல்லையில் ஒரு சின்னப் பிசகு நடந்தால் ஒருவருடைய வீட்டுக்குள் இன்னோர் உலகத்தின் பள்ளம் விழும். அதனால் வெறுமனே தேடிப் பார்க்கும் கட்டளையை மட்டும் பயன்படுத்தி, சர்வர் நின்ற நேரத்தோடு எல்லையை வெட்டி, அன்று பகலில் யார் என்னென்ன கட்டைகள் வைத்தார்கள் என்று பட்டியல் எடுத்தோம். அந்தக் கட்டைகளை அவரவர் பெட்டியில் உரிமையாளர் போட்டுக்கொடுத்தார். கட்டும் உழைப்பைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஒரு பெண் அன்று முழுவதும் கட்டிய கலங்கரை விளக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் வைத்திருந்தார். அதைப் பார்த்து அடுத்த வார இறுதியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கட்டிக்கொடுத்தார்கள்.

இன்னொரு முரணும் இருந்தது. பொருட்கள் சனிக்கிழமை அதிகாலை நிலைக்குப் போய்விட்டன, பணக் கணக்கு ப்ளக்இன்ஸ் ஃபோல்டரில் இருந்ததால் சனிக்கிழமை மாலை நிலையிலேயே நின்றது. அன்று பகலில் பொருளை விற்றவர்களிடம் இப்போது பொருளும் இருந்தது, காசும் இருந்தது. வாங்கியவர்களிடம் இரண்டும் இல்லை. இதைச் சொன்னபோது விற்றவர்கள் தாமாகவே காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்னூறு பேர் உள்ள பொதுச் சர்வரில் இதை எதிர்பார்க்க முடியாது. அங்கே நான் முதல் வழியையே, எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குத் திருப்புவதையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

மாற்றியவை

உரிமையாளர் முதலில் நிர்வாகியின் அனுமதியை முழுதாக எடுத்துவிட நினைத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை, அவரிடம் சொன்னேன். அந்தப் பையன் முன்னால் இருந்தது டெஸ்ட் என்ற பெயர் மட்டும், அந்தப் பெயரை வைத்தவர்கள் வேறு. அவரிடம் இருந்த அனுமதிதான் தேவைக்கு மேல். இந்தப் பேனலில் ஃபைலைத் திருத்துவதற்கும் நீக்குவதற்கும் தனித்தனி அனுமதி உண்டு. நீக்கும் அனுமதியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே விடப்பட்டது. எஸ்எஃப்டிபி அனுமதியும் அவருக்கு இல்லை. அவர் இன்றும் நிர்வாகியாகவே இருக்கிறார்.

சந்தேகமான ஃபோல்டரை நீக்கும் முன் பெயரை மாற்றி, சர்வரை ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பது இப்போது அங்கே வழக்கம். அன்று இதைச் செய்திருந்தால் புது உலகம் உருவாகி விஷயம் உடனே தெரிந்திருக்கும், பெயரைத் திருப்பி மாற்றினால் முடிந்தது. பெயர் மாற்றினால் இடம் காலியாகாது என்பது உண்மைதான். இடம் நெருக்கும்போது முதலில் கைவைக்க வேண்டியவை லாக் ஃபைல்களும் ப்ளூமேப் கோப்புகளும் என்று ஒரு குறிப்பு ஃபைலில் எழுதி, பட்டியலில் முதலில் நிற்கும்படி பெயர் வைத்து மூல ஃபோல்டரிலேயே போட்டிருக்கிறார்கள். எந்த உலகம் உயிரோடு இருக்கிறது என்பதும் அதிலேயே இருக்கிறது.

பேக்கப்பில்தான் அதிக மாற்றம். ப்ளூமேப் கோப்புகளும் லாக்குகளும் பேக்கப்பில் சேராதபடி .டெரோஇக்னோர் ஃபைலில் எழுதப்பட்டன. பேக்கப்பின் அளவு பாதியாகக் குறைந்தது. ஸ்லாட் ஐந்தாக உயர்த்தப்பட்டது, வாரம் ஒன்று பூட்டப்படுகிறது, மாதம் ஒருமுறை உரிமையாளரின் ஹார்ட் டிஸ்குக்கு ஒரு நகல் இறங்குகிறது. அதிகாலை அட்டவணை இப்போது நான்கு படிகள்: உலகத்தைச் சேமி, தானாகச் சேமிப்பதை நிறுத்து, பேக்கப் எடு, தானாகச் சேமிப்பதை மறுபடி தொடங்கு. இதில் கவனிக்கவேண்டியது கடைசிப் படி. பேக்கப் படி தோற்றால் அட்டவணை அங்கேயே நின்றுவிடக்கூடும், சேமிப்பு நிறுத்தப்பட்ட நிலையிலேயே சர்வர் நாள் முழுவதும் ஓடும், அது விழுந்தால் அந்த நாள் முழுவதும் போகும். தோற்றாலும் தொடர் என்ற பொத்தானை அந்தப் படியில் இயக்கியிருக்கிறோம். படிகளுக்கு இடையிலான இடைவெளி அதிகபட்சம் 900 நொடிதான் என்பதால், பேக்கப் அதற்குள் முடிகிறதா என்று முதல் வாரம் தினமும் பார்த்தோம். சிறிய பேக்கப் ஆனதால் முடிந்துவிடுகிறது.

டெஸ்ட்118 என்ற பெயரை மாற்றுவது பற்றியும் பேசினோம். லெவல்-நேம் வரியோடு அது முடிவதில்லை. நில உரிமை ப்ளக்இன், கோர்ப்ரொடெக்ட், வரைபடம் என்று பல இடங்களில் அந்தப் பெயர் வேரோடிக் கிடக்கிறது. ஒன்றை விட்டுவிட்டாலும் யாருடைய நிலத்துக்காவது பாதுகாப்பு போய்விடும். பழைய வேர்ல்டை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு சர்வரிலிருந்து எடுத்துவிட்டதால் குழப்பத்துக்கு இப்போது இடமில்லை. பெயர் மாற்றத்தை, அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்போது எப்படியும் எல்லாவற்றையும் நிறுத்திச் சரிபார்க்கும் நாளில் வைத்துக்கொள்வதாக முடிவு.